இல்லாத இளவரசியின் மண அழைப்பு

நலம் நிலைக்க. நீர் வற்றாத வெண்கரை நாட்டின் பட்டத்தரசியும், ஏழு அருவிகளுக்கு உரியவரும், கடல்வழி வந்த வணிகருக்கு நிழல் தந்தவரும், கோமான் வீரகேதுவின் இடப்பக்கத்து இருக்கையில் வீற்றிருப்பவருமாகிய பேரரசி நிலமங்கை நாச்சியார் திருமுன், நெடும்பாய்த்துறைத் துறைமுகத்தின் கணிப்பொறிக் காப்பாள், உப்பளத்துச் சுடலை மகள் தாழை, தலை தாழ்த்தி வணங்கி விடுத்த ஓலை.

தங்களுக்கு உரிய பட்டங்கள் இன்னும் பல உண்டு. அவற்றை முறைப்படி எழுதினால் இந்த ஓலைக்கட்டு பட்டங்களோடு முடிந்துவிடும். சொல்ல வந்தது வாசலிலேயே நிற்கும். ஆகவே விடுபட்டவற்றைத் தாங்களே மனத்தில் நிரப்பிக்கொண்டு பொறுத்தருள வேண்டுகிறாள்.

அரண்மனைக்கு எழுதும் குடிகள் 'நான்' என்று எழுதலாகாது என்பது நாட்டு வழக்கம். ஆகவே தாழை தன்னைப் பற்றி யாரோ ஒருத்தியைப் போல எழுதுகிறாள். சாட்சியின் வாய்ச்சொல்லைத் திருத்தி எழுதுகிற கை குற்றமுள்ள கை என்பது இன்னொரு வழக்கம். ஆகவே இதில் வருகிற பேச்செல்லாம் பேசியபடியே இருக்கும். காதுக்குக் கரடுமுரடாக இருந்தால் அது துறைத்தெருவின் குற்றம், ஓலையின் குற்றமன்று.

முதலில், ஓலை ஏன் என்பது. கணிப்பொறி வந்த பிறகு இந்நாட்டில் ஓலை என்பது முடிசூட்டுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் எடுக்கிற பொருளாகிவிட்டது. சரக்கு ஏறுவதும் இறங்குவதும், எந்தக் கிடங்கில் எது இருக்கிறது என்பதும், யாருக்கு எதை அனுப்ப வேண்டும் என்பதும் எல்லாம் பொறிக்குள்ளேதான். இன்று நெடும்பாய்த்துறையில் வைரஸ் தீண்டாத வணிகக் கணிப்பொறி ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதுவும் அரக்கு முத்திரை வைத்துப் பூட்டிக் கிடக்கிறது. அதன் முன் உட்கார்ந்து வேலை செய்த பெண் சிறையில் இருக்கிறாள். அவள் பெயர் செண்பகவடிவு. வலம்புரி மருந்துக் கூடத்தில் எழுத்தர். இந்த ஓலை அவள் பொருட்டு எழுதப்படுவது.

தாழை யாரென்று தங்களுக்குத் தெரிய வழியில்லை. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் எழுத்து என்பது உப்பு மூட்டையின் மேல் அச்சடித்திருப்பது, அவ்வளவுதான். கோமானின் கல்லூரியில் படித்து முதல் பட்டம் வாங்கியவள் இவள். துறைத்தெரு இவளுக்குப் 'படிச்ச திமிரு' என்று வேறொரு பட்டமும் கொடுத்திருக்கிறது. கல்லூரி கொடுத்ததைவிட அதுதான் அதிகம் வழங்குகிறது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வணிகக் கூடங்கள்தோறும் ஏறி இறங்கி, பொறிகளை எப்படிக் காப்பது என்று சொல்வதே இவள் தொழில். சொன்னவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டவர்கள் மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

பொறியில் உள்ளதற்கெல்லாம் ஒரு நகல் எடுத்து, கம்பியைக் கழற்றி, தனியே வேறிடத்தில் வையுங்கள் என்றாள். சங்குக்கடை மாசாணம் நகல் எடுத்த வட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொறியோடே சேர்த்துப் பட்டுக் கயிற்றால் கட்டியும் வைத்தார். கேட்டதற்கு, "தாயையும் பிள்ளையையும் எதுக்குத் தாயி பிரிக்கணும், ஒண்ணாக் கெடக்கட்டுமே" என்றார். நோய் வந்தால் இரண்டுக்கும் வரும் என்று சொன்னதற்கு, நல்ல காரியம் பேசும்போது அபசகுனமாகப் பேசாதே என்று அவர் மனைவியார் தாழையின் வாயில் கற்கண்டைப் போட்டார்.

கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்றாள். நாட்டிலுள்ள ஒவ்வொரு வணிகப் பொறியும் கோமானின் பட்டப்பெயரைச் சொல்லித்தான் திறக்க வேண்டும் என்பது ஆணை. விசுவாசத்தின் அடையாளம் அது. அந்தப் பெயரோ சுங்கவாசல் கல்லில் முழங்கை உயர எழுத்தில் வெட்டியிருக்கிறது. நாட்டுப் பூட்டுக்கெல்லாம் ஒரே சாவி. அந்தச் சாவியும் ஊர் வாசலில் தொங்குகிறது. இதைத் தாழை தலைநகருக்கு எழுதினாள். கோமானின் பெயர் காக்காததை வேறெந்தச் சொல் காக்கும் என்று முத்திரை நாயகம் சயந்தனாரின் அலுவலகம் திருப்பிக் கேட்டது. விடை தெரிந்தும் தாழை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவதாக அவள் சொன்னதை ஒருத்தி மட்டும் கேட்டாள். தெரியாத மின்னஞ்சலோடு ஒட்டி வருகிற இணைப்பைத் திறக்காதே. யார் பெயரில் வந்தாலும், சந்தேகம் தட்டினால் கம்பியைப் பிடுங்கிவிட்டு என்னைக் கூப்பிடு என்பது அந்தச் சொல். கேட்டவள் செண்பகவடிவு. கேட்டதற்குப் பலன் இன்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது.

இனி நடந்தது. விற்பனை சூடு பிடிக்கிற நேரத்தில், துறைத்தெரு முழுவதும் ஒரே வேளையில், அரண்மனையின் மெய்யான முகவரியிலிருந்து, அரண்மனை முத்திரையோடு ஒரு மின்னஞ்சல் வந்தது. இளவரசி பொன்மாலைக்குத் திருமணம், அழைப்பு இணைப்பில் உள்ளது, குடிகள் அனைவரும் திறந்து மகிழ்க என்று இருந்தது. அரசகுல அழைப்பு வந்தால் இந்நாட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது தாங்கள் அறியாததன்று. கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டு எழுந்து நின்று, விளக்கேற்றி, கூடத்தின் தலைவர், அவர் இல்லையேல் எழுத்தர், தம் கையால் உடனே திறக்க வேண்டும். பின்னர் தாமே அடுத்த கூடத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தாமதிப்பது குற்றம், திறக்காதிருப்பது துரோகம். கடிதம் கையில் வந்த காலத்தில் அது அழகான வழக்கமாக இருந்திருக்கலாம்.

தாழை அந்நேரம் மாசாணத்தின் கடையில்தான் இருந்தாள். மாசாணம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தீப்பெட்டி தேடினார். அவர் மனைவி திரையைப் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"என்னங்க, ராசாவுக்கு ஏது மக?"

"வாய மூடு."

"இல்ல, ஊருக்கே தெரியுமே..."

"தெரிஞ்சா என்ன? முத்திர போட்டிருக்கா இல்லியா? போட்டிருந்தா மக உண்டு. வெளக்க ஏத்து."

தாழை அவர் கையைப் பிடித்தாள். மாசாணம், மகள் வயதுப் பெண்ணிடம் கடிந்து பேசாத மனிதர். அன்று அவர் கண்ணில் கெஞ்சல்தான் இருந்தது. "விடு தாயி. எதுத்த கடைக்காரன் பாத்துக்கிட்டு நிக்கான்" என்றார். எதிர்த்த கடைக்காரர் கையிலும் தீப்பெட்டி இருந்தது. அவரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேரரசியார் இந்த இடத்தில் ஓலையைக் கீழே வைத்துவிடாதிருக்க வேண்டுகிறாள். தங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை இந்நாட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லலாகாது. கோமான் தங்கள் மனம் நோகாதிருக்கும்பொருட்டு அன்பால் இட்ட ஆணை அது. குடிகளும் பயத்தால் மட்டும் அதைக் காக்கவில்லை. பாதிப் பேர் தங்கள் மேலுள்ள பாசத்தால் காக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் யாரென்று தாழைக்குத் தெரியாது. ஆனால் இந்த வீட்டில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாடு முழுவதும் வாய்மூடி நிற்கிற ஒரே இடத்தைப் பார்த்து அவர்கள் கை வைத்தார்கள்.

மாசாணம் திறந்தார். நாகசுரம் கேட்டது. மல்லிகைப் பந்தல், தென்னங்குருத்துத் தோரணம், நடுவில் மணக்கோலத்தில் ஒரு பெண். நெற்றியிலிருந்து தொங்கிய பூச்சரம் அவள் முகத்தை மறைத்திருந்தது. பார்க்கிறவர் தமக்கு வேண்டிய முகத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். மாசாணத்தின் மனைவி, இல்லாத பெண் என்று சற்று முன் சொன்னவர், முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவர் துடைத்து முடிப்பதற்குள் பொறிக்குள் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டது. பட்டுக்கயிற்றில் கட்டியிருந்த நகலும் கூடவே போயிற்று. திரையில் ஒரு வரி வந்தது: மணமகளுக்குச் சீர் அனுப்புக, அனுப்பினால் திறக்கும்.

அதையும் அரண்மனை ஆணை என்றே எண்ணி அனுப்பியவர்கள் உண்டு. ஒன்றும் திறக்கவில்லை. துறைத்தெரு இப்போது எந்தச் சரக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கப்பல்கள் பாய் சுருட்டிக் காத்திருக்கின்றன. ஒருவரும் வைரஸ் என்று சொல்வதில்லை. சொன்னால் அழைப்பு பொய்யென்று ஆகும். ஆகவே, "கல்யாண வேலையா மெஷின் கொஞ்சம் மெதுவா இருக்கு" என்கிறார்கள்.

செண்பகவடிவு திறக்கவில்லை. அவள் மின்னஞ்சலைப் படித்தாள், கம்பியைப் பிடுங்கினாள், பொறியை அணைத்தாள், தாழைக்கு ஆளனுப்பினாள். விளக்கு ஏற்றவில்லை. பக்கத்துக் கூடத்தார் பார்த்துப் போய்ச் சொன்னார்கள். துறைத்தலைவர் பொறையனார் முன் அவளை நிறுத்தி, அரச அழைப்பை ஏன் திறக்கவில்லை என்று கேட்டார்கள். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் மின்சாரம் போய்விட்டது என்று சொல்லியிருப்பாள். அவள் சொன்னது இது:

"இல்லாத பிள்ளைக்கு எப்படிய்யா கல்யாணம்?"

கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. திறக்காத குற்றம் ஒன்று, தங்கள் மடியைக் குறித்துப் பேசிய குற்றம் ஒன்று. அவளைச் சிறையிலும் பொறியை அரக்கிலும் வைத்தார்கள். அரக்கை உடைக்காமல் அந்தப் பொறிக்கு நகல் எடுக்க வழியில்லை. உடைத்தால் உடைத்தவளும் செண்பகவடிவோடு சிறைக்குள் போவாள், பொறியையும் அப்போதே பறித்துக்கொள்வார்கள். தாழை எல்லா வழியும் யோசித்துப் பார்த்துவிட்டாள். படித்ததெல்லாம் பொறிக்குள் புகுந்த பூச்சியை விரட்டத்தான். அரக்கை உடைக்காமல் திறக்க அல்ல.

அவள் பொறையனாரிடம் போனாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"தாழை, எனக்குத் தெரியாதுன்னு நினைக்கியா? எல்லாந் தெரியும். அந்தப் புள்ள சொன்னது சத்தியம். அதத்தான் சொல்லக்கூடாதுங்காங்க."

"அப்பம் நீங்க எழுதுங்கய்யா, அழைப்பு பொய்யின்னு."

"எப்படி எழுத? பொய்யின்னு எழுதினா ஏன் பொய்யின்னு எழுதணும்லா. அடுத்த வரி என்ன வரும்னு நீயே சொல்லு."

அவர் தம் மேசையிலிருந்த இறந்த கணிப்பொறியைக் காட்டினார். அவரும் நின்றுகொண்டு, விளக்கேற்றி, திறந்தவர்தாம்.

அதன்பின் தலைநகர் போனாள். முத்திரை நாயகம் சயந்தனாரைக் காண வாசலில் காத்துக் கிடந்ததை எழுதினால் அது தனி ஓலையாகும். அவர் கடுமையானவர் என்று எண்ணிப் போனாள். சண்டைக்கு வார்த்தைகளை வழியெல்லாம் தீட்டிக்கொண்டும் போனாள். அவர் களைத்த கிழவராக இருந்தார். பொறுமையாகக் கேட்டார். கடவுச்சொல்லைப் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். அழைப்பு பொய்யென்று அறிவியுங்கள், அந்தப் பெண்ணை விடுங்கள் என்று தாழை குரல் உயர்த்தியபோது மட்டும் நிமிர்ந்தார்.

"இது முதல்ல எங்க வந்தது, எங்கிருந்து எல்லாருக்கும் போச்சு, உனக்குத் தெரியுமாம்மா? நீதான் படிச்சவளாச்சே, யோசி" என்றார்.

தாழை யோசித்தாள். நச்சு இணைப்பு ஒரு பொறியில் திறக்கப்பட்டால்தான் அங்கிருக்கிற முகவரிகளுக்கெல்லாம் தானே பறக்கும். அரண்மனையின் மெய்யான முகவரியிலிருந்து பறந்தது என்றால், அரண்மனைக்குள் யாரோ முதலில் திறந்திருக்கிறார்கள். அரண்மனைக்குள் வருகிற அரசகுல அழைப்பைத் திறக்கும் உரிமை சயந்தனாருக்கு இல்லை, அரச குடும்பத்தாருக்கே உண்டு. கோமான் பொறியைத் தொடுவதில்லை. மிஞ்சியது தாங்கள் உறையும் அருவிமாளிகையில் இருக்கிற ஒரே பொறி.

அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

"ஒருமுறை இல்லம்மா. பலமுறை திறந்திருக்காங்க" என்றார். "அதை நான் பொய்னு சொல்லணுமா? நீ சொல்லுவியா?"

கோபப்பட ஆள் தேடிப் போனவளுக்கு ஆளே கிடைக்கவில்லை. அவளை அதுதான் அதிகம் கோபப்படுத்தியது.

சயந்தனார் தம்மால் முடிந்த இரக்கம் என்று ஒன்றைச் செய்தார். வரும் முழுநிலா அவையில், செண்பகவடிவு எல்லார் முன்னும் விளக்கேற்றி, அதே பொறியில், அதே அழைப்பைத் தன் கையால் திறந்துவிட்டால் இரு குற்றமும் கழிந்தன, வீட்டுக்குப் போகலாம். பொறியைத் தூக்கி வந்து அவை நடுவில் வைத்துக் கம்பி செருக வேண்டியவள் துறைமுகக் காப்பாள். அதாவது தாழை. ஆணை எழுதி முத்திரையும் இட்டாயிற்று. துறையில் மிஞ்சிய ஒரே சுத்தமான பொறிக்கு, அதைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவளே நஞ்சூட்ட வேண்டும். ஊட்டினால் ஒரு பெண் வீடு திரும்புவாள்.

அந்த ஆணையோடு சிறைக்குப் போனாள். செண்பகவடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே நின்ற காவலாளிக்குத் தலைவலிக்கு என்ன சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி படிச்ச திமிரு, மூஞ்சி ஏன் இப்படி கெடக்கு? சாப்டியா?"

தாழை ஆணையைச் சொன்னாள். பிறகு சொல்லக்கூடாததையும் சொன்னாள்.

"தொறந்துட்டு வீட்டுக்கு வந்துரு மதினி. மெஷின் போனாப் போவுது."

"போனாப் போவுதா? மலையில பனிரெண்டு ஊருக்குக் குளிர்ப்பெட்டியில வச்ச மருந்து போவுது. எந்த ஊர்ல எந்தப் பிள்ளைக்கு எம்புட்டு, எப்பம் அனுப்பணும்னு என் தலைக்குள்ளயா இருக்கு? அதுக்குள்ளதான இருக்கு. கிடங்குல மருந்து இருக்கு, யாருக்குன்னு தெரியாம அங்கனக்குள்ளயே கெட்டுப்போவும். பரவால்லியா?"

"ஒனக்கும் ஒரு பிள்ள இருக்கு."

"எம்பிள்ளைக்கு எங்க அத்த இருக்காவ. முடி சீவத் தெரியாது, கொண்டய இழுத்துப் போட்டு அழ வைப்பாவ. ஆனா சோறு போடுவாவ." செண்பகவடிவு கலைந்த தன் முடியைக் கோதிக் கட்டிக்கொண்டாள். பிறகு, "நீதானட்டி சொன்ன, தெரியாத எணைப்பத் தொறக்காதன்னு. கடைகடையா ஏறி, மோரக் குடிச்சிக் குடிச்சிச் சொன்னல்லா. இப்பம் நீயே வந்து தொறன்னு சொல்லுதியே" என்றாள்.

"அப்பம் இப்படி ஆவும்னு தெரியாது மதினி."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்." சிரித்தாள். காவலாளியும் சிரித்தான். "நா தொறக்க மாட்டேன். அவையில கூட்டிட்டுப் போனாலும் கையக் கட்டிக்கிட்டு நிப்பேன். என்ன செய்வாக? திரும்ப இங்கதான கொண்டு வருவாக. பழகிப்போச்சு." பின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ராணியம்மாவ நெனச்சாத்தான் பாவமா இருக்கு. இப்படி ஒரு கூத்த எவனோ அவுக பேர்ல பண்ணியிருக்கான்னு தெரிஞ்சா அந்தப் பொம்பள எப்படித் தாங்குவாவளோ. நீ பாத்துச் சொல்லு, யாரும் அவுககிட்ட காட்டிறாம."

தாழை சரி என்றாள். வேறென்ன சொல்வாள்.

பேரரசியாரே. செண்பகவடிவு கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவளுக்காக வேறொரு கை திறக்கும். அவை நடுவில் கைகளுக்கா பஞ்சம். அவளும் வெளியே வரமாட்டாள், பொறியும் பிழைக்காது. இதைத் தாழை அவளிடம் சொல்லவில்லை. அவள் உறுதி ஒன்றுதான் அந்த அறையில் இருந்தது; அதைப் பிடுங்கிக்கொண்டு வர மனம் வரவில்லை.

இதை நிறுத்தக்கூடிய வாய் நாட்டில் ஒன்றே உண்டு. துறைத்தலைவர் சொல்ல முடியாது. முத்திரை நாயகம் சொல்ல மாட்டார். கோமான், தம் ஆணையைத் தாமே மீறினாலன்றி, சொல்லலாகாது. அந்த அழைப்பு பொய் என்று தாங்கள் ஒருவரே சொல்லலாம். ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரி என்னவென்று தாழைக்குத் தெரியும். அதைத் தங்கள் கையால் எழுதச் சொல்வது எத்தகைய கொடுமை என்றும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். உப்பளத்தில் காலில் புண் இருந்தாலும் பாத்தியில் இறங்கத்தான் வேண்டும். உப்பு புண்ணைப் பார்த்து விலகாது. அங்கே பிறந்தவளுக்கு வேறு மாதிரிக் கேட்கத் தெரியவில்லை.

தாங்கள் திறந்தது குற்றமன்று. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும், ஓலையின் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். வணிகக் கூடங்கள் பயந்து திறந்தன. தாங்கள் எதற்காகத் திறந்தீர்கள் என்று தாழை கேட்கமாட்டாள். பந்தலின் கீழ் பூவால் முகம் மறைத்து நிற்கிற அந்தப் பெண்ணை அவளும் பார்த்தாள். பொறிக்குக் காவல் போடுவது எப்படி என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இதற்கு எப்படிக் காவல் போடுவது என்று கல்லூரியில் ஒருவரும் சொல்லித்தரவில்லை.

இந்த ஓலை முத்திரை நாயகத்தின் வழியாக வந்தால் தங்களை அடையாது. ஆகவே அருவிமாளிகை அடுக்களைக்குக் கருவாடு கொண்டு வருகிற முத்தக்காளின் கூடையில், வாளைக் கருவாட்டுக்கு அடியில் வருகிறது. நாற்றத்தைப் பொறுத்தருள்க. மலைப்பாதையில் மழை என்கிறார்கள். முழுநிலாவுக்கு முன் வந்து சேருமா என்று தாழைக்குத் தெரியாது. பிந்தி வந்து சேர்ந்தால், இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அவை நடுவில் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் என்ன செய்தாள் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதுகிற இவளுக்கு இன்னும் தெரியாது.

முடிக்கும் முறைப்படி ஓலையின் கடையில் கட்டளை வர வேண்டும். அரசியாருக்குக் குடிகள் கட்டளையிட முடியாது. ஆனால் கோமான் கைச்சாத்திட்டுத் தந்த வேலை ஆணையில், நாட்டில் நச்சு ஏறிய எந்தப் பொறியும், அது யாருடையதாயினும், காப்பாளின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை இதுவரை ஒருவரும் மதித்ததில்லை. இன்று அதன்மேல் நின்று தாழை இடுகிற கட்டளை இது:

அருவிமாளிகைப் பொறியின் கம்பியைப் பிடுங்கிவிடுக. அந்த அழைப்பை மறுபடியும் திறக்க வேண்டாம், அம்மா. அதற்குள் யாரும் இல்லை.

அலுவலக முத்திரை பொறிக்குள்ளே இருந்தது, பொறியோடு போயிற்று. ஆகவே அரக்கின்மேல் பெருவிரல் வைத்து மூடியது.

இதை அறிவேன் என்று சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. இது தாழை எழுத்து.